எஜர்ட்டன் றயர்சனும் ஒன்ராறியோவின் பொதுப் பாடசாலைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எஜர்ட்டன் றயர்சன் யார்? அவரைப் பற்றி இன்றும் ஏன் கேட்கிறார்கள்?

ஒன்ராறியோவில் ஒரு பிள்ளை கட்டணம் எதுவும் செலுத்தாமல் பாடசாலைக்குப் போவதற்கு வழிசெய்த சட்டங்களை வரைந்து, அவற்றுக்காக ஊர் ஊராகச் சென்று வாதாடி, முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவற்றை நடைமுறைப்படுத்தியவர் எஜர்ட்டன் றயர்சன். அவர் 1803 மார்ச் 24 அன்று, அப்போது மேல் கனடா என்று அழைக்கப்பட்ட பிரித்தானியக் குடியேற்ற நாட்டின் (இன்றைய ஒன்ராறியோவின்) நோர்ஃபோக் பகுதியில் பிறந்தார். 1882 பெப்ரவரி 19 அன்று ரொறன்ரோவில் காலமானார்.

ரொறன்ரோவில் வாழும் தமிழர்களுக்கு அவரது பெயர் அந்நியமானதன்று. நம் பிள்ளைகள் பலர் படித்துப் பட்டம் பெற்ற பல்கலைக்கழகம் 2022 வரை அவரது பெயரையே தாங்கியிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் அங்கு நின்ற அவரது சிலை வீழ்த்தப்பட்டபோது, பல வீடுகளில் பிள்ளைகளும் பெற்றோரும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டார்கள்: இவர் செய்தது நன்மையா, தீமையா? ஒரு பக்கத்தை மட்டும் சொல்லும் விளக்கங்களே எளிதில் கிடைக்கின்றன. இரண்டு பக்கங்களையும் ஒரே இடத்தில் தமிழில் வைக்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கேள்விபதில் எழுதப்படுகிறது.

அவர் அமைச்சரா, போதகரா?

போதகர். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் வழங்குவதால், தமிழில் எழுதும்போது அவரை அமைச்சர் என்று குறிப்பிட்டுவிடும் தவறு நேர்கிறது. றயர்சன் மெதடிஸ்த சபையின் போதகர். அரசில் அவர் வகித்தது கல்வி அத்தியட்சகர் என்னும் பதவி. 1844 இல் உதவி அத்தியட்சகராகத் தொடங்கி, 1846 இலிருந்து 1876 வரை தலைமை அத்தியட்சகராக இருந்தார். அவர் தேர்தலில் நின்றதுமில்லை, அமைச்சரவையில் இருந்ததுமில்லை. அவர் விலகிய பிறகுதான் அந்தப் பதவி ஒழிக்கப்பட்டு, கல்விக்கு ஓர் அமைச்சர் நியமிக்கப்பட்டார். முதலாவது கல்வி அமைச்சர் அடம் குறூக்ஸ் என்பவர்.

அவருக்கு முன்னர் அங்கே பாடசாலைகளே இருக்கவில்லையா?

இருந்தன. 1807 ஆம் ஆண்டுச் சட்டம் மாவட்டத்துக்கு ஓர் இலக்கணப் பாடசாலை என்று எட்டுப் பாடசாலைகளை ஏற்படுத்தியது. ஆனால் அங்கே லத்தீன் படிக்கவும் கட்டணம் செலுத்தவும் வசதி படைத்த குடும்பங்களின் ஆண்பிள்ளைகளே சென்றார்கள். 1816 ஆம் ஆண்டுச் சட்டம் ஊர்ப் பாடசாலைகளுக்குச் சிறிய மானியம் வழங்கியது. பெற்றோர் சேர்ந்து ஒரு மரக்குடிலைக் கட்டி, யாராவது ஒருவரை ஆசிரியராக அமர்த்திக்கொண்டால் அந்த மானியத்தில் ஒரு பங்கு கிடைக்கும். அந்த ஆசிரியர் எதைப் படித்தவர், எந்தப் புத்தகத்தைக் கற்பிக்கிறார், அடுத்த பனிக்காலத்திலும் இருப்பாரா என்பவற்றைப் பார்ப்பதற்கு எவரும் இல்லை. பாடநூல்களில் பல எல்லைக்கு அப்பால் அமெரிக்காவில் அச்சிடப்பட்டவை. மிகுதிச் செலவைப் பிள்ளையின் தலைக்கு இவ்வளவு என்று பெற்றோரிடம் அறவிட்டார்கள். மூன்று பிள்ளைகள் உள்ள ஏழை விவசாயி மூன்று பங்கு கட்ட வேண்டும். கட்ட முடியாதவர் பிள்ளைகளை வயலிலேயே நிறுத்திக்கொண்டார்.

ஒரு கிராமப் போதகர் பொதுவாழ்வுக்கு எப்படி வந்தார்?

அவரது தந்தை யோசெப் றயர்சன், அமெரிக்கப் புரட்சியின்போது பிரித்தானிய மன்னரின் பக்கம் நின்று, பின்னர் கனடாவுக்குக் குடிபெயர்ந்த இராணுவ அதிகாரி. அங்கிலிக்கன் சபையில் உறுதியான பற்றுடையவர். மகன் பதினெட்டு வயதில் மெதடிஸ்த சபையில் சேர்ந்தபோது, ஒன்றில் அந்தச் சபையை விடு, இல்லையேல் வீட்டை விடு என்றார் தந்தை. மகன் வீட்டை விட்டார். ஓர் இலக்கணப் பாடசாலையில் உதவி ஆசிரியராக இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தார். பிறகு தந்தையே அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார். 1825 இல் குதிரையேறி ஊர் ஊராகச் சென்று பிரசங்கம் செய்யும் போதகரானார்.

அதே ஆண்டில், குடியேற்ற நாட்டின் ஆளும் வட்டத்தில் பெரும் செல்வாக்குடைய அங்கிலிக்கன் குருவான ஜோன் ஸ்ட்ரோன், மறைந்த ஆயர் ஒருவருக்கான அஞ்சலிப் பிரசங்கத்தில், மெதடிஸ்த போதகர்களைக் கல்வியறிவற்றவர்கள் என்றும் அமெரிக்கக் குடியரசுக் கருத்துகளைப் பரப்புகிறவர்கள் என்றும் தாக்கிப் பேசினார். அதற்குப் பின்னால் ஒரு பெரிய நிலப் பிரச்சினை இருந்தது. மேல் கனடாவின் அரச நிலத்தில் ஏழில் ஒரு பங்கு புரட்டஸ்தாந்துக் குருமாருக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. அது முழுவதும் தம் சபைக்கே உரியது என்பது ஸ்ட்ரோனின் நிலைப்பாடு. இருபத்து மூன்று வயதான றயர்சன், 1826 இல், தம் பெயரைப் போடாமல் 'ஒரு மெதடிஸ்த போதகர்' என்று மட்டும் ஒப்பமிட்டு, பத்திரிகையில் நீண்ட மறுப்பை வெளியிட்டார். எந்தச் சபைக்கும் அரசு தனிச் சலுகை வழங்கக்கூடாது என்பதே அதன் சாரம். நாடு முழுவதும் அது பேசப்பட்டது. 1829 இல் மெதடிஸ்த சபை தொடங்கிய 'கிறிஸ்டியன் கார்டியன்' என்ற வார இதழுக்கு அவரே முதலாவது ஆசிரியரானார். கோபூர்க் நகரில் அந்தச் சபை நிறுவிய உயர் பாடசாலைக்கு இங்கிலாந்து சென்று அரச பட்டயமும் பணமும் பெற்றுவந்தார். அது 1841 இல் விக்ரோறியாக் கல்லூரியானபோது அவரே அதன் முதல் அதிபர்.

கல்வியில் அவருக்கு இருந்த வேட்கையை நான் இந்த வரலாற்றோடு சேர்த்தே பார்க்கிறேன். கல்லாதவர் என்று இகழப்பட்ட சபையின் போதகர், கல்வி ஒரு சபையின் அல்லது ஒரு வகுப்பின் உடைமையாக இருக்கக்கூடாது என்று வாழ்நாள் முழுவதும் வாதிட்டதில் வியப்பில்லை.

அரசு அவரைக் கல்விப் பொறுப்புக்கு ஏன் நியமித்தது?

இதில் அரசியல் கலந்திருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1843 இறுதியில், பதவி நியமனங்களை யார் செய்வது என்ற பிணக்கில், ஆளுநர் சேர் சார்ள்ஸ் மெற்காஃபின் ஆலோசகர்கள் ஏறக்குறைய எல்லோரும் பதவி விலகினார்கள். (இந்த மெற்காஃப், 1835 இல் இந்தியாவில் பதில் தலைமை ஆளுநராக இருந்து பத்திரிகைகளின் மீதான கட்டுப்பாட்டை நீக்கியவர்.) 1844 இல் றயர்சன் ஆளுநரை ஆதரித்துத் தொடர் கடிதங்கள் எழுதினார், அதே ஆண்டில் கல்விப் பதவி அவருக்குக் கிடைத்தது. பரிசாகப் பெற்ற பதவி என்று எதிரிகள் சொன்னார்கள். அந்தக் குற்றச்சாட்டுக்கு அடிப்படை உண்டு. ஆனால் அந்தப் பதவியை அவர் எடுத்துச் சென்ற தூரத்தை, நியமித்தவர்கள் எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

ஐரோப்பாவுக்கு ஏன் போனார், எதைக் கொண்டுவந்தார்?

பதவியேற்றதும் அவர் செய்த முதல் வேலை, ஓராண்டுக்கு மேல் பிரித்தானியா, அயர்லாந்து, பிரான்ஸ், பிரஷ்யா, சுவிற்சர்லாந்து ஆகிய நாடுகளின் பாடசாலைகளை நேரில் சென்று பார்த்ததுதான். அமெரிக்க மாநிலங்களின் முறைகளையும் ஆராய்ந்தார். 1846 இல் சமர்ப்பித்த நீண்ட அறிக்கையில், கண்டவற்றிலிருந்து வேண்டியதைத் தேர்ந்து இணைத்தார். பிரஷ்யாவிடமிருந்து ஆசிரியர் பயிற்சியும் பாடசாலைக் கண்காணிப்பும், மசாசூசெற்சிடமிருந்து உள்ளூர் சொத்துவரியால் பாடசாலை நடத்தும் முறையும், அயர்லாந்திடமிருந்து சபைப் பிணக்குக்கு இடமளிக்காத மலிவான பாடநூல்களும் வந்தன.

அதே ஆண்டுச் சட்டம் இந்த அறிக்கையின் மேல் எழுந்தது. ஒவ்வொரு பாடசாலைப் பகுதியிலும் மக்கள் மூன்று பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். கட்டடமும் ஆசிரியர் நியமனமும் அவர்கள் கையில் இருந்தன. பாடநூல், ஆசிரியர் தகைமை, கண்காணிப்பு ஆகியவை மையத்தின் கையில் இருந்தன. இன்று நாம் கல்விச்சபை உறுப்பினர்களுக்கு வாக்களிப்பதும், பாடத்திட்டத்தை மாகாண அரசு வகுப்பதும் அந்தப் பங்கீட்டின் வழிவந்தவையே.

'பிறர் பிள்ளையின் படிப்புக்கு நான் ஏன் வரி கட்ட வேண்டும்?' என்ற கேள்வி அப்போதும் எழுந்ததா?

எழுந்தது, அதுவே அந்தக் காலத்தின் முதன்மையான சண்டை. றயர்சனின் வாழ்க்கையில் ஒரு பகுதியை மட்டுமே படிக்க நேரம் உள்ளவருக்கு நான் இதைத்தான் காட்டுவேன்.

அவரது திட்டம் எளிமையானது. பாடசாலைச் செலவைப் பெற்றோரிடம் பிள்ளைக் கணக்கில் வாங்குவதை விட்டு, ஊரில் உள்ள எல்லாச் சொத்தின் மீதும் மதிப்புக்கேற்ப வரி விதிக்க வேண்டும். அவ்வாறு வரி கட்டும் ஊரில் எந்தப் பிள்ளையும் கட்டணமின்றி வரலாம். பிள்ளையில்லாதவர்களும், பிள்ளைகள் வளர்ந்துவிட்டவர்களும், தம் பிள்ளைகளைத் தனியார் பாடசாலைக்கு அனுப்பும் செல்வரும் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள். ஒருவரின் பணத்தைப் பறித்து இன்னொருவரின் பிள்ளையைப் படிப்பிப்பது பொதுவுடைமை என்று வசைபாடியவர்களும் உண்டு.

1847 ஆம் ஆண்டுச் சட்டம் நகரங்களில் மாதக் கட்டணத்தை நீக்கி, வரியை மட்டுமே வழியாக்கியது. அதே கோடையில், பஞ்சத்துக்குத் தப்பி வந்த ஐரிஷ் மக்கள் 38,000 பேருக்கு மேல் ரொறன்ரோத் துறைமுகத்தில் வந்திறங்கினார்கள். நகரின் மக்கள்தொகையோ ஏறக்குறைய 20,000. தெருவில் திரியும் ஏழைப் பிள்ளைகளுக்காக வரி கூட்ட நகரசபை மறுத்தது. விளைவாக, 1848 கோடையில் ரொறன்ரோவின் பொதுப் பாடசாலைகள் மூடப்பட்டு, ஏறக்குறைய ஓராண்டு மூடியே கிடந்தன. தத்தித் தத்தி எழுத்துக் கூட்டத் தொடங்கிய ஒரு பிள்ளைக்கு ஓராண்டு என்பது என்ன என்பதைப் பெற்றோர் அறிவார்கள்.

றயர்சன் பின்வாங்கவில்லை, ஆனால் வழியை மாற்றினார். 1850 ஆம் ஆண்டுச் சட்டத்தில், கட்டணமா, நன்கொடையா, வரியா என்பதை ஒவ்வொரு ஊரின் ஆண்டுக் கூட்டமே முடிவுசெய்யலாம் என்று வைத்தார். அதன்பின் ஒவ்வோர் ஆண்டும், ஒவ்வோர் ஊரிலும், அயலவர்கள் ஒரே அறையில் அமர்ந்து இந்தக் கேள்வியை வாதாடினார்கள். றயர்சன் மாவட்டம் மாவட்டமாகப் பயணம் செய்து கூட்டங்களில் பேசினார். தாம் தொடங்கிய கல்வி இதழில் எழுதிக்கொண்டேயிருந்தார். கல்வி பெறுவது பிள்ளையின் உரிமை. கல்வியறிவுள்ள சமூகத்தில் குற்றம் குறைந்து சொத்துக்குப் பாதுகாப்பு மிகுவதால், சொத்துள்ளவர் அதற்குப் பங்களிப்பது நியாயம். ஏழைக்கென்று தனியே தருமப் பாடசாலை நடத்தினால், வறுமையின் முத்திரையைப் பிள்ளையின் நெற்றியில் குத்தி அனுப்புவதாகிவிடும். இவை அவர் முன்வைத்த வாதங்கள். ரொறன்ரோ 1851 இல் வரியை ஏற்றுக்கொண்டது. இருபது ஆண்டுகளில் மிகப் பெரும்பான்மையான ஊர்கள் தாமாகவே வாக்களித்துக் கட்டணத்தை நீக்கியிருந்தன. 1871 இல் சட்டம் எல்லாப் பொதுப் பாடசாலைகளையும் கட்டணமற்றவையாக அறிவித்தபோது, மிஞ்சியிருந்த ஊர்களை மட்டுமே அது இழுத்துச் சேர்க்க வேண்டியிருந்தது.

அவரது நோக்கத்தில் அச்சமும் கலந்திருந்தது என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வது சரியே. 1837 இல் மேல் கனடாவின் ஆட்சிக்கு எதிராக எழுந்த ஆயுதக் கிளர்ச்சியைக் கண்டவர் அவர். மன்னருக்கு விசுவாசமான, ஒழுங்குக்கு அடங்கிய குடிமக்களை உருவாக்குவதும் பாடசாலையின் வேலை என்று எண்ணினார். ஆனால் தலைவரி போல் பிள்ளைகள் மீது விழுந்த செலவைச் சொத்தின் மீது மாற்றிய அந்த மாற்றம், அவரது அச்சங்களைக் கடந்தும் நிலைத்தது.

1871 ஆம் ஆண்டுச் சட்டம் வேறு என்ன செய்தது?

7 முதல் 12 வயது வரையான பிள்ளைகள் ஆண்டில் குறைந்தது நான்கு மாதங்கள் படிக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. இன்று இது சொற்பமாகத் தெரியலாம். விதைப்புக்கும் அறுவடைக்கும் பிள்ளைகளின் கைகளை நம்பியிருந்த நாட்டில் அது சிறிய காரியமன்று. ஊர்ப் பாடசாலைகளுக்குப் 'பொதுப் பாடசாலை' என்ற பெயரும், இலக்கணப் பாடசாலைகளுக்கு 'உயர் பாடசாலை' என்ற பெயரும் அந்தச் சட்டத்தால்தான் வந்தன.

ஆசிரியர்களையும் புத்தகங்களையும் எப்படித் திரட்டினார்?

1847 நவம்பர் 1 அன்று ரொறன்ரோவில் ஆசிரியர் பயிற்சிக் கலாசாலை திறக்கப்பட்டது. அதன் தலைமையாசிரியராக அயர்லாந்திலிருந்து தோமஸ் ஜஃப்ரி றொபேட்சன் அழைத்துவரப்பட்டார். 1851 இல் புதிய கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியவர் ஆளுநர் எல்ஜின் பிரபு. அவர் பின்னாளில் இந்தியாவின் அரசப் பிரதிநிதியாகி அங்கேயே இறந்தவர். அந்தக் கட்டடத்தில் ஓர் அருங்காட்சியகமும் இருந்தது. பொதுமக்கள் வந்து சிற்பங்களின் படிகளையும் ஓவியங்களையும் பார்த்தார்கள். புத்தகங்கள், நிலப்படங்கள், உலக உருண்டைகள் ஆகியவற்றை மொத்தமாக வாங்கிப் பாடசாலைகளுக்கும் ஊர் நூலகங்களுக்கும் குறைந்த விலையில் அனுப்பும் களஞ்சியம் ஒன்றையும் றயர்சன் நடத்தினார். தம் பிழைப்பைக் கெடுப்பதாகப் புத்தக வணிகர்கள் ஓயாமல் முறையிட்டார்கள்.

பெண்பிள்ளைகளுக்கு இடம் இருந்ததா?

ஆரம்பப் பாடசாலைகளில் இருந்தது. ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையிலும் தொடக்க ஆண்டுகளிலேயே பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். ஆண்களும் பெண்களும் தம்முள் பேசிக்கொள்வது தடைசெய்யப்பட்டு, நுழைவாயில்கள்கூடத் தனித்தனியே அமைக்கப்பட்டிருந்தன. லத்தீன் படிக்கும் இலக்கணப் பாடசாலைகளில் பெண்கள் சேர்வதை றயர்சன் விரும்பவில்லை.

போதகர் அமைத்த பாடசாலையில் சமயம் திணிக்கப்பட்டதா?

பொதுவான கிறிஸ்தவ ஒழுக்கம் இல்லாத பாடசாலையை அவரால் எண்ணிப்பார்க்க முடியவில்லை. 1849 இல் நிறைவேறிய ஒரு சட்டம் குருமார்களைப் பாடசாலைப் பார்வையாளர் நிலையிலிருந்து விலக்கி, வேதாகமத்தையும் வெளியேற்றிவிடும் என்று கருதிய அவர், பதவியைத் துறப்பதாக அறிவித்தார். அரசு அந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்தாமல் நிறுத்தி, அடுத்த ஆண்டில் அவரது சட்டத்தை ஏற்றுக்கொண்டது. அதே வேளை, பெற்றோர் மறுத்தால் எந்தப் பிள்ளையும் சமய நூலைப் படிக்கவோ வழிபாட்டில் சேரவோ வேண்டியதில்லை என்ற விதியையும் அவர் காத்தார். தம் மெதடிஸ்த சபைக்கென்று எந்தச் சலுகையையும் பாடசாலைகளில் அவர் கேட்கவில்லை.

அப்படியானால் கத்தோலிக்கப் பாடசாலைகளுக்கு மட்டும் அரசு ஏன் பணம் கொடுக்கிறது?

ரொறன்ரோவில் வீடு வாங்கிய தமிழர்கள், தம் சொத்துவரிப் பதிவில் பொதுக் கல்விச்சபையை ஆதரிக்கிறார்களா, கத்தோலிக்கக் கல்விச்சபையை ஆதரிக்கிறார்களா என்று கேட்கப்பட்டிருப்பார்கள். அந்தக் கேள்வியின் வேர் இங்கேதான் இருக்கிறது.

அன்றைய கனடாவில் மேற்குப் பகுதியும் கிழக்குப் பகுதியும், அதாவது இன்றைய ஒன்ராறியோவும் கியூபெக்கும், ஒரே சட்டமன்றத்தின் கீழ் இருந்தன. கியூபெக்கில் புரட்டஸ்தாந்தினர் சிறுபான்மை. ஒன்ராறியோவில் கத்தோலிக்கர் சிறுபான்மை. றயர்சன், கத்தோலிக்கருக்கான தனிப் பாடசாலைகளை மனமுவந்து வரவேற்றவர் அல்லர். எல்லாச் சபைப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் அமர வேண்டும் என்பதே அவரது விருப்பம். தனிப் பாடசாலைகள் நாளடைவில் தாமே தேய்ந்து மறையும் என்று நம்பி, விதிகளை இறுக்கமாக வைத்திருந்தார். ரொறன்ரோவின் கத்தோலிக்க ஆயர் ஷார்பொனெல் அவரோடு பகிரங்கமாக மோதினார். 1855 இல் தனிப் பாடசாலைச் சட்டம் ஒன்று பெரும்பாலும் கியூபெக் உறுப்பினர்களின் வாக்குகளால் நிறைவேறியது. 1863 இல் வந்த ஸ்கொட் சட்டம் உரிமைகளை விரிவாக்கியது. அதை முடிவான இணக்கமாக றயர்சனும் ஏற்றுக்கொண்டார். 1867 இல் கனடா கூட்டாட்சியானபோது, அந்தச் சட்டம் தந்த உரிமைகள் அரசியலமைப்பின் 93 ஆம் பிரிவில் பூட்டிவைக்கப்பட்டன.

உயர் பாடசாலையின் இறுதி வகுப்புகள் வரை முழு நிதி வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது 1984 இல்தான். மற்றச் சமயங்களுக்கு இந்த வசதி இல்லாதது பாரபட்சம் என்று ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு 1999 இல் கூறியது. எல்லாச் சமயப் பாடசாலைகளுக்கும் நிதி வழங்குவோம் என்று 2007 மாகாணத் தேர்தலில் வாக்குறுதி அளித்த எதிர்க்கட்சி தோற்றது. ஆகவே, இந்துக் குடும்பம் ஒன்று ஸ்காபரோவில் சைவப் பாடசாலை தொடங்கினால் அரசு நிதி கிடைக்காது. பக்கத்துத் தெருவின் கத்தோலிக்கப் பாடசாலைக்குக் கிடைக்கும். 1863 இன் சமரசம் இன்றும் சட்டமாக வாழ்கிறது.

கறுப்பினப் பிள்ளைகளை இந்தப் பாடசாலைகள் ஏற்றனவா?

சட்டப்படி ஏற்க வேண்டும். பல ஊர்களில் ஏற்கவில்லை. அமெரிக்காவில் அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த குடும்பங்கள் ஒன்ராறியோவின் தென்மேற்கில் குடியேறின; அவர்களது பிள்ளைகளை வெள்ளையர் பாடசாலைகள் வாசலிலேயே திருப்பியனுப்பின. 1850 ஆம் ஆண்டுச் சட்டத்தில், குடும்பத் தலைவர்கள் விண்ணப்பித்தால் கறுப்பினத்தவருக்குத் தனிப் பாடசாலை அமைக்கலாம் என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. எங்கும் நுழையவிடாதவர்களுக்கு எங்காவது ஓரிடம் கிடைக்கட்டும் என்று சிலர் அதை நியாயப்படுத்தினார்கள். நடந்தது வேறு: அந்தப் பிரிவையே சாட்டாக வைத்து, விருப்பமில்லாத குடும்பங்களின் பிள்ளைகளையும் பொறுப்பாளர்கள் வெளியே தள்ளினார்கள். 1853 இல் டெனிஸ் ஹில் என்ற, வரி கட்டும் கறுப்பின விவசாயி, தம் மகனை ஊர்ப் பாடசாலை மறுத்ததை எதிர்த்து வழக்காடினார். தனிப் பாடசாலை ஒன்று அமைந்துவிட்டால் கறுப்பினப் பிள்ளை அங்கேதான் போக வேண்டும் என்று நீதிமன்றம் தீர்த்தது.

றயர்சன் இந்தப் பாகுபாட்டைக் கிறிஸ்தவத்துக்கு ஒவ்வாதது என்று கடிதங்களில் கண்டித்தார். மக்களின் வெறுப்புச் சட்டத்தைவிட வலிமையாயிருக்கிறது என்று ஒதுங்கியும் நின்றார். வரிக்காகப் பெரும் செல்வர்களோடு இருபது ஆண்டுகள் மல்லுக்கட்டியவர் இங்கே எளிதில் கைவிட்டார் என்பதே என் மனத்தாங்கல். அந்தப் பிரிவு 1964 வரை ஒன்ராறியோச் சட்டத்தில் இருந்தது. மாகாணச் சட்டமன்றத்துக்குத் தெரிவான முதலாவது கறுப்பினத்தவரான லெனாட் பிரெய்த்வெயிற் அதைச் சுட்டிக்காட்டிய பின்னரே நீக்கப்பட்டது.

பூர்வகுடிகளோடு அவருக்கு இருந்த உறவு எத்தகையது?

1826 இல் இளம் போதகராக அவர் அனுப்பப்பட்ட இடம், இன்றைய மிசிசாகா நகரின் பக்கமாக ஓடும் கிறெடிற் ஆற்றங்கரையில் இருந்த மிசிசாகா மக்களின் கிராமம். ஒஜிப்வே மொழியின் ஒரு கிளையைப் பேசும் மக்கள் அவர்கள். றயர்சன் அவர்களோடு வாழ்ந்தார். அவர்களது மொழியைக் கற்றுப் பேசினார். அவர்களோடு நிலத்தைத் திருத்தி உழைத்தார். வழிபாட்டுக்கும் பாடசாலைக்குமாக ஒரு கட்டடம் எழுப்பப் பிற ஊர்களுக்குச் சென்று பணம் திரட்டினார். அந்த மக்களின் தலைவரும் போதகருமான பீற்றர் ஜோன்ஸ், தம் மொழியில் காக்கெவாக்குவோனாபி, அவருக்கு வாழ்நாள் நண்பரானார். 1856 இல் ஜோன்ஸ் நோயுற்றபோது, ரொறன்ரோவில் மருத்துவம் பெறுவதற்காக றயர்சனின் வீட்டிலேயே தங்கியிருந்தார்.

இந்த உறவு பொய்யானதென்று நான் நினைக்கவில்லை. அதனால்தான் அடுத்த கேள்விக்கான பதில் இன்னும் கனக்கிறது.

1847 இல் அவர் எழுதிய கடிதத்தில் என்ன இருந்தது?

பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு எத்தகைய பாடசாலை வேண்டும் என்று இந்தியர் விவகாரத் திணைக்களம் (பூர்வகுடிகளை அரசு அப்போது இந்தியர் என்றே அழைத்தது) அவரிடம் கருத்துக் கேட்டது. 1847 மே மாதத்தில் அவர் பதில் எழுதினார். பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரிந்து பாடசாலையிலேயே தங்க வேண்டும். ஆங்கில வழியில் அடிப்படைக் கல்வி, விவசாயம், கைத்தொழில் ஆகியவற்றைப் பயில வேண்டும். கோடையில் நாளொன்றுக்கு 8 முதல் 12 மணிநேரம் வேலையும், 2 முதல் 4 மணிநேரம் படிப்பும் இருக்க வேண்டும். அரசின் மேற்பார்வையில் சபைகள் அவற்றை நடத்த வேண்டும். சமயத்தின் துணையின்றி இந்த மக்கள் நாகரிகமடைய முடியாது என்றும் அதில் வாதிட்டார்.

இந்தக் கடிதத்தை அதே ஆண்டின் மற்ற வேலைகளோடு அருகருகே வைத்துப் படியுங்கள். நகரத்தின் ஏழைப் பிள்ளைக்குக் கட்டணமற்ற பாடசாலை கேட்டுச் சட்டம் கொண்டுவந்ததும் 1847 இல். ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையைத் திறந்ததும் 1847 இல். குடியேறியவரின் பிள்ளை மாலையில் வீடு திரும்பும். அதன் பெற்றோர் ஊர்க் கூட்டத்தில் வாக்களித்துப் பாடசாலையை ஆள்வார்கள். பூர்வகுடிப் பிள்ளை வீடு திரும்பாது. அதன் பெற்றோருக்கு வாக்கும் இல்லை. ஏழைக்கென்று தனிப் பாடசாலை வைத்தால் இழிவின் முத்திரையாகும் என்று கண்டவர், தாம் மொழி கற்ற மக்களின் பிள்ளைகளுக்கு அந்த மொழியே இல்லாத, உழைப்பே முதன்மையான தனிப் பாடசாலையைப் பரிந்துரைத்தார்.

பாடசாலை வேண்டும் என்று பூர்வகுடித் தலைவர்கள் சிலரும் அப்போது விரும்பினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1846 இல் ஒறிலியாவில் கூடிய தலைவர்களில் பலர், தமக்கு வரும் ஆண்டுத் தொகையில் ஒரு பகுதியைக் கொடுக்கவும் இணங்கினார்கள். தம் மக்களே ஆசிரியர்களாகி, தாமே நடத்தும் பாடசாலைகள் உருவாகும் என்பது பீற்றர் ஜோன்ஸ் போன்றோரின் எதிர்பார்ப்பு. அது நிறைவேறவில்லை. அல்டர்வில்லிலும் மன்சியிலும் எழுந்த பாடசாலைகள் சபையின் ஆளுகையிலேயே இயங்கின.

அப்படியானால் வதிவிடப் பாடசாலைகளை உருவாக்கியவர் அவர்தானா?

'உருவாக்கியவர்' என்பது மிகை. 'தொடர்பில்லாதவர்' என்பதும் பொய். பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துத் தங்கவைத்த வதிவிடப் பாடசாலைகளைக் கூட்டாட்சி அரசு நாடு தழுவிய கொள்கையாகத் தொடங்கியது 1883 இல், றயர்சன் இறந்த மறு ஆண்டில். ஏறக்குறைய 150,000 பிள்ளைகள் அவற்றுக்குள் அனுப்பப்பட்டார்கள். கடைசிப் பாடசாலைகள் 1990களின் பிற்பகுதியில்தான் மூடப்பட்டன. பிள்ளைகளைக் கட்டாயமாகப் பிடித்துச் செல்லும் சட்டத்தை அவர் எழுதவில்லை. ஆனால் வதிவிடம், உழைப்பு, ஆங்கிலம், சபை ஆளுகை, அரச நிதி என்ற ஐந்தையும் ஒன்றாகப் பின்னிய தொடக்கப் பரிந்துரைகளில் அவரது கடிதமும் ஒன்று. 1898 இல் திணைக்களமே அதைத் தன் ஆவணங்களோடு சேர்த்து அச்சிட்டது. நாட்டின் மிகப் பெரிய கல்வி அதிகாரி கையொப்பமிட்ட கருத்து என்ற கனம் அதற்கு இருந்தது.

சிலைக்கும் பல்கலைக்கழகத்தின் பெயருக்கும் என்ன நடந்தது?

1889 இல் ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையின் முன்னால் அவருக்கு வெண்கலச் சிலை நிறுவப்பட்டது. சிற்பி ஹமில்ரன் மக்கார்த்தி. அதே நிலத்தில் 1948 இல் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்று அவர் பெயரில் தொடங்கி, பின்னர் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. பூர்வகுடி மாணவர்களும் ஆசிரியர்களும் அந்தப் பெயரை மாற்றக் கோரி ஆண்டுக்கணக்காகப் பேசிவந்தார்கள். 2021 மே இறுதியில், பிரிட்டிஷ் கொலம்பியாவின் கம்லூப்ஸ் நகரில், முன்னாள் வதிவிடப் பாடசாலை வளவில் அடையாளமிடப்படாத கல்லறைகளாக இருக்கக்கூடிய இடங்கள் நிலத்தடி ராடார் மூலம் அறியப்பட்டதாகச் செய்தி வந்தது. ரொறன்ரோச் சிலையின் காலடியில் மக்கள் சிறு பிள்ளைகளின் சப்பாத்துகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஜூன் 6 அன்று, ஒரு பேரணியின் பின்னர், சிலை கயிறு கட்டி வீழ்த்தப்பட்டது. 2022 ஏப்ரலில் பல்கலைக்கழகம் ரொறன்ரோ மெற்றோபொலிற்றன் பல்கலைக்கழகம் என்று பெயர் மாற்றியது.

பெயர் மாற்றத்தை நான் ஆதரிக்கிறேன். தம் பாட்டனையும் பாட்டியையும் அத்தகைய பாடசாலைக்குப் பறிகொடுத்த மாணவி ஒருத்தி, அந்தப் பெயரைப் பட்டச் சான்றிதழில் தாங்க வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமையில்லை. ஆனால் பெயரோடு சேர்த்து வரலாற்றையும் அகற்றிவிட்டால், கட்டணமற்ற பாடசாலை எப்படி வாதாடிப் பெறப்பட்டது என்பதும், யாரை வெளியே நிறுத்திவிட்டுப் பெறப்பட்டது என்பதும் ஒன்றாகவே மறந்துபோகும்.

அவரது காலத்துக்குரிய எதையாவது இன்று ரொறன்ரோவில் பார்க்க முடியுமா?

முடியும். ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையின் பழைய கட்டடம் 1963 இல் இடிக்கப்பட்டபோது, அதன் முகப்பை மட்டும் விட்டுவைத்தார்கள். கூல்ட் தெருப் பக்கமிருந்து பல்கலைக்கழகத்தின் உள்முற்றத்துக்குள் நுழைந்தால், புதிய கட்டடங்களின் நடுவே அந்தக் கல் முகப்பு தனியாக நிற்பதைக் காணலாம். அதன் வாசல் வழியே இறங்கினால் இப்போது மாணவர்களின் உடற்பயிற்சிக் கூடம் இருக்கிறது. வெளியே, தெருவோரத்தில் சிலை நின்ற இடத்தில் இன்று சிலை இல்லை.